விடியற்காலையில் மீன் ஏன் வாய் பிளக்கிறது? செட்டிநாட்டு ஊருணிக்கரையில் நடந்த அறிவியல் பாடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் உணவுச் சங்கிலி ஒன்று சொல்லச் சொன்னால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடும். அறிவியல் முறையின் படிகளைக் கேட்டாலும் அப்படியே: உற்றுநோக்கல், கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு. "சரி, தவளையே இல்லாமல் போனால் வெட்டுக்கிளி என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. பாம்பு பட்டினி கிடக்கும் என்பது வரை வருகிறார்கள். சங்கிலியில் பின்னோக்கியோ பக்கவாட்டிலோ போவதில்லை. கருதுகோள் என்ற சொல்லுக்கு இலக்கணம் தெரியும். சொந்தமாக ஒன்றைச் சொல்லி, அதைச் சோதித்து, வேண்டுமானால் கைவிட்ட அனுபவம் கிடையாது.

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரின் அரசு நடுநிலைப்பள்ளியில், வடகிழக்குப் பருவமழைக் காலம் ஒன்றில், ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்து ஊருணிக்கரையில் நடத்தினோம். நானும் உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரும் பொறுப்பெடுத்துக்கொண்டோம். கடைப்பிடித்த விதி ஒன்றுதான். எதையும் பார்க்கப் போகுமுன் இரண்டு வரி எழுதிவிட வேண்டும்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எதைப் பார்த்தால் என் நினைப்பு தப்பு என்று ஒத்துக்கொள்வேன். இரண்டாவது வரிதான் அறிவியல் முறைக்கு உயிர் என்று நான் நம்புகிறேன். அந்த வரி வகுப்பில் எப்படி வேலை செய்தது, எங்கே போதாமல் போனது என்பதே இந்தப் பதிவு.

இடம்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. செம்மண்ணும் செம்புரான் கல்லும் உள்ள பூமி. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கப் பிழைக்க வேண்டும் என்பதால்தான் இங்கே ஊருக்கு ஊர் ஊருணி, கண்மாய், வரத்துக்கால், கலுங்கு. வகுப்புக்கு இது பெரிய வசதி. எல்லை தெரிகிற, பெயர் தெரிகிற, வீட்டிலுள்ள எல்லோருக்கும் அபிப்பிராயம் உள்ள ஒரு சூழ்நிலை மண்டலம் பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1935-ல் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் முதலில் அச்சேற்றிய தாவரவியலாளர் டான்ஸ்லி வலியுறுத்தியது, உயிருள்ளதையும் உயிரற்றதையும் பிரிக்காமல் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்பதை. பாடத்தில் பெரும்பாலும் உயிருள்ள பாதிதான் மிஞ்சுகிறது. தண்ணீர், வெயில், கரைந்திருக்கும் வாயு, மாட்டுச்சாணம் எல்லாம் படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

எங்கள் ஊரில் இரண்டு ஊருணிகள். குடிநீர் ஊருணிக்கு நாலு பக்கமும் கல்படி, கம்பிவேலி. அதில் கால் நனைக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. தெற்கு ஊருணியில் மாடு குளிக்கும், துணி துவைப்பார்கள், டீக்கடைக் கழிவுநீரும் ஒரு பக்கமாக இறங்கும். ஐப்பசி மழைக்கு இரண்டும் நிறைந்தன. கார்த்திகையில் தெற்கு ஊருணி பச்சையாகிவிட்டது.

கேள்வி

விடியுமுன் ஆடு பத்திக்கொண்டு போகும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் ஆரம்பித்து வைத்தான். "சார், தெக்கு ஊருணியில விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. வெயில் ஏறுனா உள்ள போயிருது." குடிநீர் ஊருணியில் அப்படி நடப்பதில்லை என்று தண்ணீர் எடுக்கப் போகும் பெண்பிள்ளைகள் சொன்னார்கள். உடனே வகுப்பு நாலாகப் பிரிந்தது. குளிர் தாங்காமல் மேலே வருகிறது என்றது ஒரு கட்சி. பசி என்றது இன்னொன்று. யாரோ தண்ணீரில் என்னமோ கலந்துவிட்டார்கள் என்று மூன்றாவது கட்சி. நாலாவது ஒரு சிறுமி தன் அப்பத்தாவிடமிருந்து கொண்டுவந்தது: "பாசி புடிச்ச தண்ணி ராவுல மூச்சு முட்டும்னு அப்பத்தா சொல்லுச்சு டீச்சர்."

எது சரி என்று நாங்கள் வாய் திறக்கவில்லை. இது கேட்க எளிது, செய்யக் கடினம். பிள்ளைகள் கரும்பலகையைவிட ஆசிரியரின் முகத்தைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். புருவம் கொஞ்சம் உயர்ந்தாலே பாதி வகுப்பு கட்சி மாறிவிடும். ஆகவே நாலையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிப் போட்டு, ஒவ்வொரு கட்சியும் தன் இரண்டு வரிகளை எழுதி முடிக்கும்வரை விவாதம் கிடையாது என்று சொல்லிவிட்டோம்.

முதல் வரி எல்லோருக்கும் சுலபமாக வந்தது. இரண்டாவது வரியில்தான் பேனா நின்றது. "எதைப் பார்த்தால் தப்பென்று ஒத்துக்கொள்வாய்?" என்றால், "தப்பு இல்லையே சார், அதான் உண்மை" என்கிறார்கள். தோற்றுப்போவதற்கு நாமே வழி எழுதிக் கொடுப்பானேன் என்று அவர்களுக்குப் படுகிறது. மதிப்பெண்ணுக்குச் சரியான விடையையே கேட்டுக் கேட்டு வளர்த்த பிள்ளைகளிடம் இதற்குப் பல வகுப்புகள் பொறுமையாக உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் குளிர்க் கட்சிக்காரர்கள்தான் முதலில் எழுதினார்கள்: ரெண்டு ஊருணியும் ஒரே அளவு குளிராக இருந்து, ஒன்றில் மட்டும் மீன் மேலே வந்தால் நாங்கள் சொன்னது தப்பு.

ஒவ்வொன்றாகக் கழித்தல்

விடியற்காலைப் பார்வைக்கு எல்லோரையும் அழைத்துப்போக முடியாது. ஊருணிக்கு அருகில் வீடு உள்ள பிள்ளைகள் தாயோடோ தந்தையோடோ வந்தார்கள். பாசி படிந்த படியில் இறங்கக்கூடாது, மேல் படியிலேயே நிற்க வேண்டும், கயிறு கட்டிய வாளியில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இல்லாமல் வகுப்பு கரைக்குப் போகவே கூடாது. இதில் சலுகைக்கு இடமில்லை.

வெப்பமானி இரண்டு ஊருணியிலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியது. மீன் மேலே நின்றது தெற்கில் மட்டும். குளிர்க் கட்சி தன் சொந்தக் கையெழுத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கலைந்தது. யாரும் தோற்கடிக்கவில்லை என்பதால் மனவருத்தம் இல்லாமல் கலைந்தது. பசிக் கட்சி பொரி கொண்டுவந்தது. பசிதான் என்றால் விடியலில் பொரியைப் பிடுங்கித் தின்ன வேண்டும். தொடாமல் விட்டால் தப்பு. பிற்பகலில் போட்ட பொரிக்குக் கெண்டைகள் பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு உள்ளே போயின. விடியலில் அதே பொரி மீனின் வாய்க்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது.

விஷக் கட்சியோடுதான் நல்ல சண்டை. "விஷம் என்றால் வெயில் ஏறியதும் எப்படிச் சரியாகிறது?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். "வெயில் விஷத்த முறிச்சிருது" என்றான் அதன் தலைவன். கெட்டிக்காரத்தனமான பதில். சரி, அப்படியானால் அதையும் முன்கூட்டியே எழுது என்றோம். மழைமூட்டமான நாளில் மீன் நெடுநேரம் மேலேயே நிற்கும் என்று எழுதினான். மூச்சுமுட்டல் கட்சியும் எழுதியது. அவர்களும் அதையே எழுதினார்கள். வெயில் இல்லையென்றால் பாசி காற்று விடாது, மீன் நெடுநேரம் மேலே நிற்கும். அடுத்து வந்த மூடாக்கு நாளில் இருவர் சொன்னதும் பலித்தது. இரண்டு கட்சியும் கைதட்டின. அப்புறம்தான் உறைத்தது, யாருக்குமே லாபமில்லை என்று. இரண்டு கருதுகோளும் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது, அது நடந்தால் எதையும் தீர்மானிக்க முடியாது. இரண்டும் வேறு வேறு சொல்லும் இடத்தைத் தேடிப்போக வேண்டும். இதை நான் பாடமாகச் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் ஆகியும் புரிந்திருக்காது.

புட்டிகள்

வேறு வேறு சொல்லும் இடம், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன். அதை அளக்க 1888-ல் ஹங்கேரி வேதியியலாளர் விங்க்லர் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. இறால் பண்ணைக்காரர்கள் வாங்கும் சோதனைப் பெட்டியில் அதன் எளிய வடிவம் கிடைக்கும். புட்டியில் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு உப்புக் கரைசலும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். சுத்தமாக இல்லையென்றால் வெள்ளையாகவே படியும். பிறகு அமிலம் விட்டுக் கரைத்து, மாவுக்கரைசல் சேர்த்து நீலமாக்கி, அந்த நீலம் மறையும்வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு கூடினால் ஆக்ஸிஜன் கூடுதல். அமிலத்தையும் காரத்தையும் ஆசிரியர்தான் தொட வேண்டும், கையுறையோடு. பிள்ளைகள் சொட்டு எண்ணினார்கள். கழிவை ஒரு கேனில் சேர்த்து, புட்டிகளை இரவல் தந்த உயர்நிலைப்பள்ளி ஆய்வகத்திலேயே ஒப்படைத்தோம். ஊருணியைப் படிக்க வந்தவர்கள் ஊருணியில் ரசாயனம் கொட்டக்கூடாது என்பதைப் பிள்ளைகளே விதியாகப் போட்டார்கள்.

விடியலில் எடுத்த தெற்கு ஊருணித் தண்ணீர் சில சொட்டுகளிலேயே நிறம் இழந்தது. அதே தண்ணீர் பிற்பகலில் சொட்டுகளை வாங்கிக்கொண்டே போனது. குடிநீர் ஊருணியில் காலைக்கும் மாலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, எட்டாம் வகுப்பால் அதைத் தொட முடியும். தண்ணீர் குளிரக் குளிர அதில் வாயு அதிகமாகக் கரையும்: 30 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜன் தாங்கும் நன்னீர், 25 பாகையில் சுமார் 8.3 வரை தாங்கும். ஆக, விடியற்காலைக் குளிரில் ஆக்ஸிஜன் கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்? குறைந்திருக்கிறது என்றால், இரவு முழுக்க யாரோ அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யார்?

அதற்குத்தான் வெளிச்சப் புட்டியும் இருட்டுப் புட்டியும். கார்டர், கிரான் என்ற இரு நார்வேக்காரர்கள் 1927-ல் கடல்நீரில் செய்து காட்டிய வழி இது. ஒரே வாளித் தண்ணீரை மூன்று புட்டிகளில் பிடித்து, ஒன்றை அப்போதே அளந்தோம். ஒன்றை வெறுமனேயும் ஒன்றைக் கறுப்புத் துணி சுற்றியும் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். காலை வழிபாடு முடிந்து தொங்கவிட்டதைப் பிற்பகலில் எடுத்தபோது, வெறும் புட்டியின் உட்சுவரில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருந்தன, ஆக்ஸிஜனும் கூடியிருந்தது. துணி சுற்றியதில் தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

எல்லோரும் முடிவு எழுதத் தயாரானபோது ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். பொதுவாகப் பேசாத பிள்ளை. "டீச்சர், கறுப்புத் துணியே காத்தை உறிஞ்சியிருந்தா?"

சிலர் சிரித்தார்கள். அந்த ஆசிரியை சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. அது இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?" என்று வகுப்பிடமே திருப்பிவிட்டார். பாசி இல்லாத குடிநீர் ஊருணித் தண்ணீரையும் அதே துணியில் சுற்றித் தொங்கவிடலாம், துணிதான் காரணம் என்றால் அதிலும் குறைய வேண்டும் என்று பேசிப் பேசி அவர்களே வந்து சேர்ந்தார்கள். மறுநாள் செய்தார்கள். குடிநீர் ஊருணித் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கட்டுப்பாட்டுச் சோதனை என்ற பெயரை அதற்கப்புறம்தான் கரும்பலகையில் எழுதினோம். இந்த மழைக்காலம் முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் நிமிடம் அந்தச் சிறுமி எழுந்து நின்றதுதான். தேவை முதலில் வந்து பெயர் பின்னால் வந்தால், பெயர் மறப்பதில்லை.

இரவா, இருட்டா?

இந்தப் பாடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இதை எடுத்து நடத்த நினைக்கும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். தாவரம் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும் என்ற தப்பெண்ணம் ஏற்கெனவே பலமாக வேரூன்றியது. புளியமரத்தடியில் ராத்திரி படுக்காதே, பேய் அமுக்கும் என்பார்கள். அதற்கு அறிவியல் விளக்கம் என்று, மரம் இரவில் கரியமில வாயு விடுகிறது, அதுதான் மூச்சை அமுக்குகிறது என்று வகுப்பறைகளிலேயே சொல்கிறோம். திறந்த வெளியில் அது நொடியில் கலைந்துவிடும். ஒரே அறையில் பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் விடும் கரியமில வாயுவுக்கு யாரும் அஞ்சுவதில்லையே. விடியற்காலை மீனின் கதை இந்த எண்ணத்தைத் திருத்துவதற்குப் பதிலாகக் கெட்டியாக்கிவிடக்கூடும். நடுவில் வைத்த ஒரு சின்னத் தேர்வில் பலர் "பாசி இரவில் மட்டும் சுவாசிக்கிறது" என்றே எழுதினார்கள்.

மருந்து கையிலேயே இருந்தது. துணி சுற்றிய புட்டி எந்த நேரத்தில் தொங்கியது? பட்டப்பகலில். அப்படியானால் ஆக்ஸிஜன் குறைந்ததற்கு இரவு காரணமாக இருக்க முடியாது. இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட்டது, சுவாசம் நிற்கவில்லை. வெளிச்சத்திலும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது, உற்பத்தி அதை மிஞ்சிவிடுவதால் கண்ணில் படுவதில்லை. இந்தக் கடைசி வரியை எங்கள் புட்டிகள் நேரடியாகக் காட்டவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னோம். வெளிச்சப் புட்டியிலும் இருட்டுப் புட்டியிலும் சுவாசம் ஒரே வேகத்தில் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறோம். எது பார்த்தது, எது எடுத்துக்கொண்டது என்று பிரித்துச் சொல்வது பாடத்தைப் பலவீனமாக்கும் என்று சக ஆசிரியர்கள் சிலர் கருதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் அதை எளிதாகவே ஏற்றுக்கொண்டார்கள். சுவாசிப்பது பாசி மட்டும்தானா என்ற கேள்வியும் அப்போதுதான் வந்தது. அதே தண்ணீரில் நுண்ணுயிர்கள் செத்த பாசியையும் சாணத்தையும் மக்கவைத்துக்கொண்டிருக்கின்றன, அவையும் ஆக்ஸிஜனை எடுக்கின்றன. பாடநூலின் ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும் சிதைப்பவர்கள் இப்படித்தான் கதைக்குள் வந்தார்கள்.

பச்சைக்கு என்ன காரணம்?

துணி சோப்புதான் என்று ஊரில் பாதிப்பேர் முடிவுகட்டியிருந்தார்கள். இரண்டு ஊருணிகளை ஒப்பிட்டு அப்படிச் சொல்ல முடியுமா என்று கேட்டோம். பட்டியல் போட்டபோது வித்தியாசங்கள் வரிசைகட்டின: ஆழம், நிழல், வரத்துக்கால் வரும் வழி, மாடு, சோப்பு, டீக்கடைத் தண்ணீர், அல்லிக்கொடி. இத்தனையும் வேறாக இருக்கும்போது ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆகவே வாளிகள் வைத்தோம். எல்லா வாளியிலும் குடிநீர் ஊருணித் தண்ணீர், அதில் ஒரு குவளை தெற்கு ஊருணித் தண்ணீர் விதையாக. பாதி வாளிகளில் மட்டும் சாணம் கரைத்த தண்ணீர் கொஞ்சம். ஒவ்வொரு வகையிலும் மூன்று வாளி, ஏனென்றால் ஒரு வாளி தற்செயலாக எதுவும் செய்யக்கூடும்.

சாணம் சேர்த்தவை பச்சையாகின, ஒன்றைத் தவிர. அந்த வாளி வேப்பமர நிழலில் இருந்தது. தப்பான வாளி, கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். எடுக்க விடவில்லை. சாணத்தில் இருக்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பாசிக்கு உணவாகின்றன, ஆனால் வெயில் இல்லாமல் அந்த உணவால் பயனில்லை என்பதை அந்த ஒரு வாளிதான் சொன்னது. அடுத்த சுற்றில் எல்லா வாளிகளும் வெயிலுக்குப் போயின. சோப்புப் பற்றி எங்களால் இன்னும் எதுவும் சொல்ல முடியாது, அதை நாங்கள் சோதிக்கவில்லை என்று ஏட்டில் எழுதிவைத்தார்கள்.

வாளிகளுக்கு வலைத்துணி கட்டுவது கட்டாயம். தேங்கிய தண்ணீர் டெங்குக் கொசுவுக்கு வீடு. இங்கேயும் ஒரு பாடம் கிடைத்தது. கொசுப்புழு தண்ணீரிலிருந்தே தானாக உண்டாகிறது என்று நம்பிய பிள்ளைகள் இருந்தார்கள். வலை கிழிந்த வாளியில் புழு நெளிந்தது, மற்றவற்றில் இல்லை. 1668-ல் இத்தாலியில் ரெடி இறைச்சி ஜாடிகளுக்கு மெல்லிய துணி கட்டி, புழு ஈயிலிருந்து வருகிறது என்று காட்டிய கதையை அன்றே சொன்னோம். சொல்லி முடித்ததும் கிழிந்த வாளியைக் கவிழ்த்தோம்.

அம்புக்குறிகள்

உணவு வலையை வரையும்போது ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: நீங்களே கண்ணால் கண்டதற்குத்தான் முழுக்கோடு, கேள்விப்பட்டதற்குப் புள்ளிக்கோடு. வெள்ளைத் தட்டில் விட்ட ஊருணித் தண்ணீரில் தட்டானின் இளம்பூச்சி ஒரு தலைப்பிரட்டையைப் பிடித்துத் தின்றதைப் பார்த்த குழு, அந்த ஒரு முழுக்கோட்டை எவ்வளவு பெருமையாகப் போட்டது! பறக்கும் தட்டானையே பார்த்திருந்தவர்களுக்கு அது தண்ணீருக்குள் இப்படியொரு வேட்டைக்காரனாக வளர்கிறது என்பது புதுச்செய்தி. பாம்பு தவளையைத் தின்பதைப் பாதிப்பேர் பார்த்திருந்தார்கள். கழுகு பாம்பைத் தூக்கிப்போனதை ஒருவரும் பார்த்ததில்லை. வருடக்கணக்காக ஒப்பித்த அந்தக் கண்ணி புள்ளிக்கோடானது. அம்பின் திசை கடைசிவரை தொல்லைதான். தின்பவனிலிருந்து இரைக்கு அம்பு போடுவதே பிள்ளைகளுக்கு இயல்பாக வருகிறது. சத்து எங்கிருந்து எங்கே போகிறதோ அந்தப் பக்கம்தான் முனை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வேட்டங்குடிக்கு ஒருநாள் போனோம். திருப்பத்தூர்ப் பக்கம், 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாய்கள். கூடுகட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தொலைநோக்கியில் பார்த்தபோது நத்தைக்கான கோடு தானாக விழுந்தது. அதைவிட முக்கியமான கோடு ஒன்றும் கிடைத்தது. இந்தப் பறவைகள் சுற்று வட்டார வயல்களிலும் கண்மாய்களிலும் மேய்ந்துவிட்டு வந்து இங்கே எச்சமிடுகின்றன. அந்தச் சத்து கண்மாய்த் தண்ணீரோடு வயலுக்குப் போகிறது. தெற்கு ஊருணியில் மீனை மூச்சுமுட்ட வைத்த அதே தழைச்சத்தும் மணிச்சத்தும் இங்கே நெல்லுக்கு உரம். அசுத்தம் என்ற ஒரே சொல்லில் அதுவரை எல்லாவற்றையும் அடைத்துவிட்ட பிள்ளைகள், எவ்வளவு, எங்கே, எதற்கு என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பேருந்தில் திரும்பும்போது சீமைக்கருவேலம் பற்றிய சண்டை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட காலத்திலிருந்து, அந்த மரத்தில் எந்தப் பறவையும் கூடு கட்டாது என்பது கைப்பேசிகளில் சுற்றிவரும் வாசகம். கரிமூட்டம் போடும் வீட்டுப் பிள்ளை ஒருவன், தான் கூடு பார்த்திருப்பதாகச் சொன்னான். 'எந்தப் பறவையும்' என்றால் ஒரே ஒரு கூடு போதும். அடுத்த வாரம் கூட்டைக் காட்டிவிட்டான். அதனாலேயே அது நல்ல மரமாகிவிடாது, மற்ற மரங்களைவிடக் குறைவாகக் கட்டுகிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவனே சொன்னதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

மாறியதும் மாறாததும்

தொடக்கத்தில் கேட்ட மாதிரியான கேள்வியைக் கடைசியிலும் கேட்டோம்: குடிநீர் ஊருணியின் அல்லியை எல்லாம் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? முன்பு வந்திருக்கக்கூடிய விடை, அழகு போய்விடும், மீன் செத்துவிடும். இப்போது பலர் இரண்டு மூன்று படி போனார்கள்: நிழல் குறையும், வெயில் உள்ளே இறங்கும், சத்து இருந்தால் பாசி பெருகும், விடியலில் ஆக்ஸிஜன் குறையும். சிலர் விடை எழுதாமல் எந்த மாதத்தில் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மாறாதவை உண்டு. தாவரம் தன் உடலை மண்ணிலிருந்தே கட்டுகிறது என்ற எண்ணம் அசையவில்லை. வாளிச் சோதனை அதற்கு மறைமுகமாகத் துணைபோயிருக்கலாம், ஏனென்றால் சாணம் போட்டால் பச்சை வருகிறது என்பதைத்தான் பார்த்தார்கள். தாவரம் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கார்பனை யாரும் பார்க்கவில்லை. எழுதுவதில் திணறும் பிள்ளைகளுக்கு இரண்டு வரி விதி சுமையாக இருந்தது. அவர்கள் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதினால் நன்றாகவே நடந்தது. அதை முதல் நாளிலிருந்தே செய்யலாம். பாடவேளை குறுகியது. சொட்டு எண்ணும் வேலைக்கு இரண்டு பாடவேளையை அடுத்தடுத்து வைக்காவிட்டால் அவசரத்தில் குமிழி புகுந்து அளவு கெடுகிறது. சோதனைப் பெட்டி வாங்க முடியாத பள்ளிகள் பொரியையும் வெப்பமானியையும் வாளிகளையும் வைத்தே பாதித்தூரம் போகலாம். தெளிவை அளக்க, பெயின்ட் வாளி மூடியில் 20 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, கறுப்பும் வெள்ளையுமாகக் கால்கால் பகுதி பூசி, கயிற்றில் இறக்கினால் போதும். 1865-ல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் தொடங்கிவைத்த முறை அது. தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் கயிற்று முடிச்சில் எண்ணிக்கொள்ளலாம்.

புட்டி அளவுகளை எட்டாம் வகுப்பு ஒரு சார்ட்டில் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தது. சாணத்தைப் பற்றிச் சொல்ல முடிந்ததையும் சோப்பைப் பற்றிச் சொல்ல முடியாததையும் தனித்தனியாகவே எழுதியிருந்தார்கள். டீக்கடைத் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி வெட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. வெட்டினால் அதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும் என்று இப்போதைய ஏழாம் வகுப்பு தேதிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அவர்கள் எடுத்திருக்கும் அடுத்த கேள்வி கோடைக்கானது: ஊருணி வற்றியதும் நத்தைகள் எங்கே போகின்றன? செத்துவிடும் என்கிறது ஒரு கட்சி, சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்கிறது இன்னொன்று. எவ்வளவு ஆழம் தோண்டி உயிருள்ள நத்தை ஒன்றுகூட இல்லையென்றால் ஒத்துக்கொள்வது என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை.